பின்கோடு 629-இல் நின்றுபோன ஃபேன்

எங்கள் ஊரில் ஐப்பசி மழை நேரம் பார்த்து வரும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மதியம் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் மலைப் பக்கம் கறுக்கத் தொடங்கும், மூன்று மூன்றரைக்கெல்லாம் இடி. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலைக்காரர்கள் இதைத் துலாவர்ஷம் என்பார்கள், இந்தப் பக்கம் குமரி மாவட்டத்துக் களியக்காவிளைக்காரர்களான நாங்கள் ஐப்பசி மழை என்போம், இரண்டு பேர் தலையிலும் விழுவது ஒரே மழைதான். முதல் இடி கேட்டதும் அம்மா டிவி பிளக்கைப் பிடுங்குவாள், அப்புறம் ஃபிரிட்ஜ், அப்புறம் நெட் மோடம். சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன், வரிசை மாறியதே இல்லை. ஆனால் ஃபேனுக்குப் பிளக் கிடையாதே, அது கூரையோடு போகிற வயர். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன வருடம் ஐப்பசியில் ஒரு நாள், அம்மா ஃபிரிட்ஜை நெருங்குவதற்குள் பக்கத்து விளையில் எங்கேயோ மின்னல் இறங்கியது. தென்னையில் விழுந்திருக்கும் என்றார்கள், எந்தத் தென்னை என்று கடைசிவரை தெரியவில்லை. லைட் ஒரு தடவை கண் சிமிட்டியது. ஹாலில் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது. ரிமோட்டை அழுத்தினால் வழக்கமாக ஒரு ‘பீப்’ வரும், அது வரவில்லை. ரிமோட்டில் செல் மாற்றினேன், சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் விட்டுப் போட்டேன், ஸ்டூல் போட்டு ஏறி இறக்கையைக் கையால் சுற்றிவிட்டேன். கை எடுத்ததும் நின்றுவிட்டது. வாங்கி 14 மாதம் ஆகியிருந்தது. இரண்டு வருட வாரண்டி.

அந்த ஃபேனை வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் எல்லைப் பக்கத்தில் பெரிய சாமான் எதுவானாலும் ஓணத்துக்குத்தான் வாங்குவோம். கேரளத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ஓணம்தான் பெரிய சீசன், ஆஃபர் எல்லாம் அப்போதுதான். முன்பெல்லாம் திருவனந்தபுரத்தில் வாங்கிய டிவியைக் களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டிக் கொண்டுவர ஒரு பயம் இருக்கும், பில்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா பஸ்ஸில் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு அந்தச் சோதனை போய்விட்டது. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திருவனந்தபுரம். நாகர்கோவிலுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பிஎல்டிசி ஃபேன், அதாவது உள்ளே ஒரு எலக்ட்ரானிக் போர்டு வைத்து மோட்டாரை ஓட்டிக் கரண்டை மிச்சம் பிடிக்கிற ஃபேன் என்று கேள்விப்பட்டு நானேதான் தேடிப் போய் வாங்கினேன். அது நல்ல தொழில்நுட்பம், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும் என்றால் இது 30 வாட்டுக்குள் அடங்கிவிடும். எங்கள் வீட்டு ஹால் ஃபேன் ஒரு நாளைக்கு 15 மணி நேரமாவது ஓடும், கணக்குப் போட்டால் மாதத்துக்கு 20 யூனிட் மிச்சம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்கிற தமிழ்நாட்டுக் கணக்கில் 40 யூனிட் சின்ன விஷயம் கிடையாது. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் முத்திரை கட்டாயம். அட்டைப் பெட்டியில் ஐந்து ஸ்டார் ஒட்டியிருந்தது. ஐந்து ஸ்டாரைப் பார்த்தால் மனசு நம்பிவிடுகிறது. 3,200 ரூபாய் கொடுத்தேன்.

சரி, நின்றுபோன ஃபேனுக்கு வருவோம். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு போன் போட்டேன். பில் திருவனந்தபுரத்துக் கடையில் போட்டதால் எடுத்தவர் மலையாளத்தில் பேசினார், அதில் எனக்குச் சிரமம் இல்லை. பழுதைச் சொன்னேன், எழுதிக்கொண்டார், பின்கோடு கேட்டார். 629 என்று தொடங்கியதுமே அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. எங்கள் மாவட்டத்துப் பின்கோடுகள் 629-இல் தொடங்கும், பாறசாலை தொடங்கி திருவனந்தபுரம் எல்லாம் 695. “இது தமிழ்நாடு, எங்கள் லிஸ்டில் வராது” என்று சொல்லித் தமிழ்நாட்டு எண்ணைக் கொடுத்தார். அங்கே கூப்பிட்டால், பில் கேரள டீலருடையது, கம்ப்ளைன்டைக் கேரளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். நான் ஃபேனைக் கழற்றி எடுத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கே வருகிறேன், ஒரு மணி நேரம்தான் என்றேன். வீட்டுக்கு வந்து பார்க்கிற வகைப் பொருள் இது, சென்டரில் வாங்க மாட்டோம் என்றார்கள். இப்படி ஐந்து வாரம்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் சேர்ந்தன. எங்களுக்கு அது பெருமையான நாள், அதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகும் என் அத்தையைப் பாறசாலையில்தான் கட்டிக்கொடுத்தார்கள், ரப்பர் ஷீட்டை விலை பார்த்து அங்கேயும் விற்றோம், பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடினோம். மனிதர்கள் தினமும் நடந்து கடக்கிற ஒரு எல்லைக்கோட்டை, ஒரு ஃபேன் கம்பெனியின் கம்ப்யூட்டர் சுவராக்கி வைத்திருக்கிறது. விற்கும்போது அந்தச் சுவர் எங்கே போயிருந்தது? என் பணத்தை வாங்கும்போது பின்கோடு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில் திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல பையன். மழையில் பைக்கில் வந்து தொப்பலாக நனைந்திருந்தார், அம்மா துவர்த்து எடுத்துக் கொடுத்தாள், காப்பி கொடுத்தாள். மேலே ஏறி மூடியைக் கழற்றி ஒரே ஒரு நிமிடம் பார்த்தார். போர்டு போய்விட்டது அண்ணா என்றார். இடி மின்னலால் போனால் வாரண்டியில் வராது, புது போர்டு 1,450 ரூபாய், ஆனால் இந்த மாடல் நின்றுவிட்டது, போர்டு ஸ்டாக் இல்லை, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. எக்ஸ்சேஞ்ச் போட்டுப் புதுசு எடுத்துக்கொண்டால் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் பையில் ஒரு டெஸ்டர், ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஒரு மீட்டர் இருந்தது. பழுதுபார்க்க அவருக்கு எதையும் கொடுத்து அனுப்பவில்லை, பார்த்துச் சொல்லிவிட்டு வரத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரியே மச்சிலிருந்து பழைய ஃபேனை இறக்கி மாட்டினேன். 1994-இல் வீடு பால் காய்ச்சியபோது அப்பா வாங்கியது. முப்பது வருடத்தில் அதற்கு என்னென்ன செய்தோம் என்று அம்மாவும் நானும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். கப்பாசிட்டர் மூன்று தடவை மாற்றியிருக்கிறோம். ஃபேன் கோல் போட்டுத் தள்ளினால்தான் சுற்றும், சுற்றினாலும் காற்று வராது என்றால் கப்பாசிட்டர் போய்விட்டது என்று தெரு முழுக்கத் தெரியும். 2.5 மைக்ரோஃபாரட், எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும், கம்பெனி பெயரே சொல்ல வேண்டாம். ஒரு தடவை பேரிங் மாற்றியிருக்கிறோம், கடகடவென்று சத்தம் வந்ததால். ஒரு தடவை காயில் கட்டியிருக்கிறோம். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்தப் பேரிங்கின் ஓரத்தில் 6202 என்று பொறித்திருக்கும். உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 35, தடிமன் 11. உலகத்தில் எந்த நாட்டில் எந்தக் கம்பெனி 6202 என்று ஒரு பேரிங் செய்தாலும் அளவு இதுதான். மார்த்தாண்டத்தில் சைக்கிள் சாமான் விற்கிற கடையில் போய் 6202 என்றால் போதும், எதற்கு என்றுகூடக் கேட்க மாட்டார்கள். ஒரு கம்பெனி மூடிப்போனாலும், மாடல் நின்றுபோனாலும், அந்த எண் நிற்கும். முகம் தெரியாத எத்தனையோ பேர் சேர்ந்து செய்துகொண்ட ஒரு ஒப்பந்தம் அது. என் புது ஃபேனின் போர்டிலும் ஒரு எண் ஒட்டியிருந்தது, 14 இலக்கம். அதைக் கம்பெனியைத் தவிர உலகத்தில் யாராலும் படிக்க முடியாது. கம்பெனியும் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிட்டது.

நின்ற ஃபேனை ஒரு சாக்கில் கட்டி மார்த்தாண்டத்துக்கு எடுத்துப்போனேன். மேம்பாலத்துக்குக் கீழே உள்ளே தள்ளி ஒரு கடை, ஆறடிக்கு எட்டடி இருக்கும். முன்னால் மிக்ஸி ஜார்கள் வரிசையாகத் தொங்கும், பின்னால் டிவி போர்டுகள், நடுவில் அண்ணன். முப்பது வருடமாக அதே ஸ்டூல். ரேடியோவில் தொடங்கி, டேப் ரெக்கார்டர், டெக், டிவி என்று எது வந்ததோ அதைப் படித்துக்கொண்டே வந்தவர். நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “பைய இறக்கி வை மக்கா, பாக்கலாம்” என்றார்.

மூடியை எடுத்தார். உள்ளே போர்டு என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தட்டையாக ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதில் கறுப்பாக ஏதோ ஊற்றி இறுகியிருந்தது, கருப்பட்டிப் பாகை ஊற்றி ஆறவைத்த மாதிரி. அதிலிருந்து வயர்கள் மட்டும் வெளியே வந்தன. போர்டு அந்தப் பிசினுக்குள்ளே மூழ்கிக் கிடந்தது. அண்ணன் ஹீட்டரால் ஊதிச் சூடாக்கி, பழைய ஆக்ஸா பிளேடு ஒன்றைத் தீட்டி வைத்திருக்கிறாரே, அதைக்கொண்டு ஓரத்திலிருந்து சுரண்டத் தொடங்கினார். பிசின் இளகும்போது ஒரு கெட்ட நாற்றம். கொஞ்சம் அதிகம் சூடானால் உள்ளே ஈயம் உருகிப் பார்ட்ஸ் இடம் மாறிவிடும், சூடு குறைந்தால் பிளேடு ஏறாது. மூன்று வாடிக்கையாளர் வந்து போனார்கள், அவர் தலையை நிமிர்த்தவில்லை. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, கரண்ட் உள்ளே நுழைகிற மூலையில், நாலணா அளவு நீலத் தட்டு ஒன்று பாதி வெடித்துக் கரிந்து வெளியே வந்தது.

“இந்தா, இவந்தான்” என்றார். வேரிஸ்டர். அதன் வேலை என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார், நான் பிறகு படித்தும் தெரிந்துகொண்டேன். சாதாரண வோல்டேஜில் அது இருப்பதே தெரியாது, கரண்டைத் தன் வழியாக விடாது. மின்னலாலோ லைனில் வேறு கோளாறாலோ வோல்டேஜ் திடீரென்று எகிறினால் அந்த நொடியில் அது வழி திறந்து, எகிறிய சக்தியைத் தானே வாங்கிக்கொள்ளும். அடி பெரிதானால் தான் கரிந்து, பக்கத்து ஃபியூசும் போய், பின்னால் இருக்கிற மற்றதெல்லாம் தப்பிக்கும். ஒவ்வொரு சின்ன அடிக்கும் அது கொஞ்சம் தேயும் என்பதால், தேய்ந்தால் மாற்ற வேண்டிய பொருளாகத்தான் அதை நினைக்க வேண்டும், செருப்பு மாதிரி. விலை 10 ரூபாய்.

அப்படியென்றால் என் ஃபேன் சாகவில்லை. காவலுக்கு நின்றவன் மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்து விழுந்திருக்கிறான். அவன் இடத்தில் இன்னொருவனை நிறுத்தினால் போதும். அதைச் செய்ய முடியாதபடி அவனையும் சேர்த்துப் பிசினில் புதைத்துவிட்டார்கள். கடையில் அந்த மூங்கில் ஸ்டூலில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு அடைத்தது.

பிசின் ஊற்றுவதற்குக் காரணம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஈரம் போகாது, எறும்பு போகாது, பல்லி முட்டையிடாது. வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் வாங்குகிற எங்கள் மாவட்டத்தில் ஈரத்தடுப்பு தேவைதான். ஆனால் அதற்கு மெல்லிசாக ஒரு வார்னிஷ் பூச்சு அடித்தாலே பெரும்பாலும் போதும் என்கிறார் அண்ணன், அந்தப் பூச்சின் மேலேயே சால்டரிங் வைத்துப் பார்ட்ஸ் மாற்றலாம். பிசினே ஊற்றினாலும், அடிவாங்குவதற்கென்றே வைத்த இரண்டு பார்ட்ஸை மட்டும் வெளியே விட்டிருக்கலாம். யாராவது ஒருவர் மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் யோசித்திருந்தால் நடந்திருக்கும் காரியம். பழுதாகும்போது என்ன ஆகும் என்ற கேள்வி அந்த மேசைக்கு வரவே இல்லை.

இதே அம்மாவின் மிக்ஸியைப் பாருங்கள். எங்கள் சமையலில் தேங்காய் அரைக்காத நாளே கிடையாது, மிக்ஸி படுகிற பாடு அதிகம். அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. ஜாரில் அதிகம் போட்டு மோட்டார் திணறினால் அது துள்ளி வெளியே வந்து கரண்டை நிறுத்தும், ஆறவிட்டு அமுக்கினால் மறுபடி ஓடும். கப்ளர் தேய்ந்தால் அம்மாவே மாற்றுவாள். பெரும்பாலான மிக்ஸிகளில் அதன் மரை எதிர்ப்பக்கம், வலது பக்கம் திருகினால்தான் கழறும், மோட்டார் சுற்ற சுற்ற இறுகும்படி அப்படி வைத்திருக்கிறார்கள். அம்மா பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகாதவள். கார்பன் பிரஷ் தேய்ந்து நீலப் பொறி தெரிந்தால் அதையும் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தப் பொருளைச் செய்தவர்கள், எது தேயும் என்று முன்கூட்டியே யோசித்து அதைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்கள். அம்மாவின் அறிவு அங்கேதான் வளர்ந்தது. திறக்க முடியாத பொருள் வந்தால் பழுது மட்டும் நிற்பதில்லை, அம்மா மாதிரி ஆட்கள் கற்றுக்கொள்வதும் நின்றுவிடுகிறது.

சித்தப்பாவின் லைட்டைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. சித்தப்பா அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். விடியும் முன்னே, மூன்று மூன்றரைக்கெல்லாம் தோட்டத்தில் இருக்க வேண்டும், வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் குறைந்துவிடும். இரண்டு கையும் கத்தியில், அதனால் வெளிச்சம் நெற்றியில் இருந்தாக வேண்டும். முன்பு டார்ச்சைத் துவர்த்தால் தலையில் கட்டிக்கொண்டு வெட்டியிருக்கிறார். பிறகு இடுப்பில் பேட்டரி, நெற்றியில் பல்ப் என்று வந்தது. இப்போது எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற லைட், சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், 650 ரூபாய். வெளிச்சம் பிரமாதம், பட்டையில் போன வெட்டின் கோடு துல்லியமாகத் தெரியும், கத்தி தடிக்குள் இறங்கி மரத்துக்குக் காயம் ஆகாது. ஆனால் ஏழெட்டு மாதத்தில் சார்ஜ் நிற்காது. பாதித் தோட்டத்தில் மங்கும். புதுசு வாங்குவார். அவர் வீட்டுப் புகைக்கூண்டில் ஷீட் காயப்போடுகிற கம்புக்கு மேலே, செத்த லைட்டுகள் ஐந்து ஒரு பையில் தொங்கின.

அதில் ஒன்றை அண்ணனிடம் கொடுத்தேன். திருகாணி ஒன்றுகூடக் கிடையாது, இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளையும் ஒட்டி மூடியிருக்கிறார்கள். அறுத்துத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு லித்தியம் செல், 18650. இந்த எண்ணும் 6202 மாதிரிதான்: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65. எத்தனையோ லேப்டாப் பேட்டரியிலும் பவர் பேங்கிலும் இருக்கிற அதே செல். உலகம் முழுக்கப் பொதுவான ஒரு செல்லை வாங்கி, அதை யாரும் தொட முடியாத ஓட்டுக்குள் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல செல்லாகப் பார்த்து 180 ரூபாய்க்குப் போட்டார் அண்ணன். சார்ஜ் போடுகிற துளையில் பாலும் வியர்வையும் படிந்து பச்சை பூத்திருந்தது, அதையும் மாற்றினார். ஓடுகளைத் திரும்ப ஒட்டவில்லை. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இரண்டு சுற்று மாட்டிவிட்டார். தண்ணீர் போகாது, வேண்டுமென்றால் கழற்றலாம். ஐந்து லைட்டில் நான்கு இப்போது எரிகின்றன, சித்தப்பா இரண்டைப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

போன் விஷயத்தில் எல்லோருக்கும் அனுபவம் இருக்கும், நீட்டவில்லை. பேட்டரியை ஒட்டி வைப்பது, அதே கம்பெனியின் அசல் டிஸ்ப்ளேயை இன்னொரு போனிலிருந்து எடுத்து மாட்டினாலும் ‘இது தெரியாத பார்ட்’ என்று சில போன்கள் திரையில் எச்சரிக்கை காட்டிவந்தது, ஐந்து இதழ்ப் பூ மாதிரித் தலை வைத்த திருகாணி. இதில் ஒரு நல்ல செய்தி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கப் பொருள்களின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்ற முடியவேண்டும் என்று சட்டமாகிவிட்டது. பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்தே போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குப் பழுதுபார்க்கும் வசதிக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண் என்று விலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கழற்றுவது எளிதா, பார்ட்ஸ் கிடைக்குமா, என்ன விலை, விவரக் கையேடு உண்டா என்று பார்த்து மதிப்பெண் போட்டார்கள்.

நான் கேட்பதும் இதைத்தான். என் ஃபேன் பெட்டியில் ஐந்து ஸ்டார் இருந்தது, கரண்ட் எவ்வளவு எடுக்கும் என்று அது சொன்னது, சொன்னபடியே நடந்தது. இதைத் திறக்க முடியுமா, போர்டு எத்தனை வருடம் கிடைக்கும், எந்த ஊரில் கிடைக்கும் என்று சொல்ல ஒரு ஸ்டாரும் இல்லை. மாதம் 20 யூனிட் மிச்சம் பிடித்த ஃபேனை 14-ஆம் மாதம் குப்பையில் போட்டால், அந்தச் செம்பையும் காந்தத்தையும் அலுமினியத்தையும் மறுபடி உருக்கிச் செய்கிற சக்தியை எந்தக் கணக்கில் எழுதுவது? நம் நாட்டிலும் பேச்சு தொடங்கியிருக்கிறது. 2022-இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதற்காக ஒரு குழு போட்டது, அந்த வருடம் டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தில், பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமும் தொடங்கினார்கள். விவசாயக் கருவி, போன், வீட்டுச் சாதனம், வண்டி என்று நான்கு துறை. கம்பெனிகள் தாங்களே விவரம் தருகிற இடம் அது. என் ஃபேனின் போர்டை அதில் தேடினேன், கிடைக்கவில்லை.

எல்லைக்காரர்களுக்கு உபயோகமான ஒன்றை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். பழைய 1986 சட்டப்படி, விற்றவர் இருக்கிற இடத்திலோ விவகாரம் நடந்த இடத்திலோதான் நுகர்வோர் வழக்குப் போட முடியும், அதாவது நான் திருவனந்தபுரத்துக்குத்தான் அலைய வேண்டியிருந்திருக்கும். 2019-இல் வந்து 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிற புதுச் சட்டத்தில், வாங்கியவர் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். அதாவது கேரளத்தில் வாங்கினாலும் எங்களுக்கு நாகர்கோவில் மாவட்ட ஆணையம் போதும். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்துவிடுங்கள், அந்தப் புகார் எண் கையில் இருப்பது நல்லது. நான் இரண்டையும் செய்திருக்கிறேன். மனுவில் நஷ்டஈடு பெரிதாகக் கேட்கவில்லை. 14 மாதத்தில் போர்டு ஏன் கிடைக்காமல் போனது, இரண்டு வருட வாரண்டி கொடுத்தவர் இரண்டு வருடத்துக்காவது பார்ட்ஸ் வைத்திருக்க வேண்டாமா என்பதுதான் கேள்வி. அடுத்த தேதிக்குப் போக வேண்டும்.

ஃபேன் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அண்ணன் பிசினை முழுக்க எடுக்கவில்லை. எடுத்தால் போர்டே போய்விடும். கரண்ட் நுழைகிற மூலையை மட்டும் சுத்தமாக்கி, கரிந்த பாதைக்குப் பதில் வயர் இழுத்து, புது ஃபியூசும் புது வேரிஸ்டரும் போட்டார். அவற்றைப் போர்டில் வைத்து ஈயம் வைக்கவே இல்லை. வெளியே, ஃபேன் கம்பியின் மேல்மூடிக்குள் அடங்குகிற மாதிரி, திருகி முடுக்குகிற ஒரு கனெக்டர் வைத்து அதில் மாட்டினார். டெஸ்டர் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம். சுவிட்ச் போட்டோம், ‘பீப்’ வந்தது. 350 ரூபாய் வாங்கினார், நான் 500 கொடுத்ததற்குத் திட்டினார்.

கிளம்பும்போது ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் இரண்டு வேரிஸ்டரும் இரண்டு ஃபியூசும் போட்டு மடித்துக் கொடுத்தார். “எனக்க காலத்துக்குப் பிறவும் மாத்தணும்லா” என்றார். அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். எது எங்கே மாட்டுவது, கரிந்தால் எப்படித் தெரியும் என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள், மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று அவளே எனக்குச் சொன்னாள். அப்புறம் அதை மிக்ஸி கப்ளர்கள் வைத்திருக்கிற பழைய பிஸ்கெட் டின்னில் போட்டு மூடி, அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.